டேங்க்குக்கு அடித்த கறுப்பு

காடுமேட்டில் ஓட்டுகிற பழைய பைக் ஒன்றை வாங்கி வந்து, புதுசாக்குகிறேன் என்று மூன்று மாதம் என் வாசலையே அடைத்துவிட்டார் என் வீட்டுக்காரர். கடையில் பெயின்ட் வாங்கச் சொன்னால் கேட்டால்தானே? இருபது வருஷமாக ஆம்பூர் ஃபேக்டரியில் தோலுக்குக் கலர் அடிக்கிறவராம். அங்கே மீந்த கறுப்பைக் கொண்டுவந்து டேங்க்குக்கு அடித்து, தோலைக் காயப்போடுவது போல என் துணிக்கொடியில் தொங்கவிட்டார். புது ஷூ மாதிரிப் பளபளத்தது, ஒத்துக்கொள்கிறேன்.

முதல் தடவை பெட்ரோல் ஊற்றும்போது கொஞ்சம் வழிந்தது. வழிந்த இடமெல்லாம் பெயின்ட் சுருங்கி, பாலாடை போலக் கையோடு வந்துவிட்டது.

"ஒரு துண்டுத் தோல்ல அடிச்சு, மடிச்சு மடிச்சுப் பார்த்தேனே, ஒரு கிராக்கூட வரலியே!" என்றார்.

"இன்னாங்க இது, பெட்ரோல் டேங்க்கை யாராவது மடிப்பாங்களா?" என்றேன்.