அல்போன்சா வாசித்த பட்டாளத்துக் கடிதங்கள்

அல்போன்சாவின் விரல் நுனிகளில் கறுப்புக் கறுப்பாகச் சுட்ட தழும்புகள் இருந்தன. கம்ப்யூட்டர் கம்பெனியில் ஈயம் உருக்கிக் கம்பி ஒட்டும் வேலை என்று சொன்னாள். எனக்கு அப்போதே சந்தேகம்தான். என் பெரிய மகன் சந்தானமும் கம்ப்யூட்டர் வேலைக்குத்தான் போகிறான், அவன் விரலில் ஒரு கீறல்கூட இல்லையே.

அமெரிக்காவில் சான்டா கிளாராவில் நாங்கள் மாடியில், அவள் கீழ் வீட்டில். யாழ்ப்பாணத்துக் கடற்கரை ஊர்க்காரி. எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பில் வீட்டைக் கொளுத்தியபோது கட்டின சேலையோடு தப்பி வந்தவள். சாயங்காலம் ஷிஃப்டுக்குப் போவாள், பகலில் வீட்டில் இருப்பாள்.

என் சின்ன மகன் பசுபதி இந்தியப் பட்டாளத்தில் இருந்தான். எனக்கு எழுத்து தெரியாது. அவன் கடிதம் வந்தால் சந்தானம் கண்ணால் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு, "நல்லா இருக்கானாம்மா" என்பான். இரண்டு பக்கம் எழுதியவன் அவ்வளவுதானா எழுதியிருப்பான்? மருமகள் டெல்லியில் வளர்ந்தவள், தமிழ் எழுத்து வராது. அல்போன்சாதான் புள்ளி விடாமல் வாசிப்பாள்.

எண்பத்தேழு ஆடியில் பசுபதியை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். சனங்கள் மாலை போட்டார்கள் என்று எழுதியிருந்தான். "உங்கட மகன் எங்கட சனத்தைக் காப்பாத்த வந்திட்டார் அம்மா" என்று அல்போன்சா கேக் வெட்டித் தந்தாள். எங்களையும் சிங்களவரையும் ஒரே நாடாகக் கட்டியது வெள்ளைக்காரன் போகும்போது தப்பாகப் போட்டுவிட்டுப் போன முடிச்சு, அதை அவிழ்க்கத்தான் தனிநாடு கேட்கிறோம் என்பாள். பஞ்சாயத்துப் பேசப்போன நம் பட்டாளம் ஐப்பசிக்குள் அந்தத் தனிநாடு கேட்டவர்களோடேயே சுட்டுக்கொண்டது.

அதற்குப் பிறகு வந்த கடிதத்தை அவள் ஒன்றுக்கு மூன்று தரம் வாசித்தாள். நான் கேட்கவில்லை, அவளாக வாசித்தாள். அடுத்த கடிதத்தின்போது மேசைக்கு அடியில் பென்சில் ஓடியது.

"இன்னா எழுதற?"

"கடைச் சாமான் அம்மா."

கடைச் சாமானை யாராவது மேசைக்கு அடியில் எழுதுவார்களா? சந்தானத்திடம் சொன்னேன்.

"இனிமே அவங்க கிட்ட லெட்டர் குடுக்காதம்மா. அவன் எங்க இருக்கான், எத்தனை பேர் இருக்காங்கன்னு யாருக்குப் போவுதோ. ரிஸ்க் எடுக்காத."

"அப்ப நீ முழுசாப் படி."

"படிக்கிறேனே. நல்லா இருக்கான்."

பிள்ளை உயிருக்கு ஆபத்து வருமோ என்ற பயம் ஒரு பக்கம். அவன் சொன்ன சொல்லெல்லாம் கேட்காமல் தூக்கம் வராதது இன்னொரு பக்கம். மூன்றாவது கடிதத்தையும் அவளிடமே கொண்டுபோனேன். ஆனால் கையில் தரவில்லை. ஒரு ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன், அவள் எட்டிப்பார்த்து வாசித்தாள். முடிந்ததும் அவள் மடியிலிருந்த துண்டுச்சீட்டைப் பிடுங்கினேன்.

"இதையும் படி."

மெதுவாக வாசித்தாள். "மாதா கோயில், மணி இருக்கு. பள்ளிக்கூடம், கூரை இல்லை. கிணறு, நல்ல தண்ணி. வேலி, எரிஞ்சு போச்சு."

எல்லாம் பசுபதி எழுதியவை. ஊர்ப்பெயர் எழுத அவனுக்கு உத்தரவில்லை. ஆனால் கடலைப் பார்த்த அந்த மாதா கோயில் தன் ஊருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கோயிலை அடுத்த வீட்டில் அவளுடைய அம்மா தனியாக இருந்தாள். ஐப்பசி முதல் அங்கிருந்து தபால் இல்லை.

"உங்கட மகன்ட கடிதம் ஒண்டுதான் அம்மா எங்கட ஊரில இருந்து வருது."

"சரி, பசுபதிக்கு எழுது" என்றேன். "கோயில் பக்கத்து வீட்டுக்குப் போயி பாருடா, அம்மா பேரு..."

பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். "வேண்டாம். உங்கட ஆமி பேர் சொல்லித் தேடி வந்தா இயக்கத்துப் பெடியள் அம்மாவைச் சந்தேகப்படுவாங்கள். உங்கட மகனும் சும்மா பாத்திட்டுப் போவாரெண்டு எனக்கென்ன தெரியும்?"

என் பிள்ளையையா சந்தேகப்படுகிறாய் என்று கோபம் வந்தது. ஆனால் நான் மட்டும் என்ன செய்துகொண்டிருந்தேன்?

கடைசியில் நான் சொல்ல அவள் இவ்வளவுதான் எழுதினாள்: "பசுபதி, நீ பாக்கிறது எல்லாம் எழுது. ஆடு மாடு, மரம், போற வர்ற சனம், ஒண்ணும் விடாத." ஒட்டுவதற்கு முன் சந்தானத்தை வாசிக்கச் சொன்னேன். நான் சொன்னதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தபாலில் போட்டது நான்தான்.

தை கடைசியில் நாலு பக்கம் வந்தது. மூன்றாம் பக்கத்தில் அல்போன்சா நின்றுவிட்டாள். பிறகு வாசித்தாள். "கோயில் பக்கத்து வீட்டில் ஒரு கிழவி. தண்ணீர் கேட்டால்கூடக் கதவைத் திறக்க மாட்டாள். ஜன்னல் வழியாக எங்களைத் திட்டுகிறாள்."

சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "அம்மாதான். அவ கோயில் பாதருக்கே கதவு திறக்கமாட்டா."

அந்தக் கிழவி சேதி கடிதத்தில் இருந்ததா, இவளாகச் சேர்த்துக்கொண்டதா என்று சாயங்காலம் சந்தானத்தை உட்காரவைத்து மூன்றாம் பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். இருந்தது.