பண்டு ஆபீஸ் நாடகம்

சங்ககிரியில் ஊர்ஜனம் சேமிப்புப் பணம் கட்டிவந்த பண்டு ஆபீஸை மூடியபோது கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். முழுக்க இங்கிலீஷ். கோர்ட்டு நியமித்த அதிகாரி சேலத்திலிருந்து வந்து ஒட்டிவிட்டு, ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார். பணம் போட்டவர்களில் பாதிப் பேருக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். அதனால் நோட்டீஸைப் படித்துச் சொல்லும் வேலை, அங்கே கேஷியராக இருந்த என் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. சம்பளம் நின்ற பிறகு ஓசியில் பார்த்த வேலை அது.

வீட்டுக்கு வந்து திட்டியவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நானும் வாயில்லாதவள் அல்ல. வாங்கிய திட்டைத் திருப்பிக் கொடுத்தேன். என்னால் தாங்க முடியாமல் போனது லாரிப்பேட்டையில் இட்லிக்கடை போட்டிருந்த அம்மாவைத்தான். மகள் கல்யாணத்துக்கென்று கடைக்காசில் மிச்சம் பிடித்து, ஆபீஸில் இவர் உட்காரும் கேஷ் ஜன்னலில் கொண்டுவந்து கட்டியவர். கடையை எடுத்துவைத்துவிட்டு நேராக எங்கள் வாசலுக்கு வருவார். கோபப்பட மாட்டார். பணம் எப்போது வரும் என்று கேட்பார். இவர் முதலிலிருந்து காரணம் சொல்வார். அந்த அம்மா அப்படீங்களா, அப்படீங்களா என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போவார். மறுநாள் வந்து அதே கேள்வியைக் கேட்பார். சண்டை போட்டுத் தொலைத்தால் என்ன என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

சேலம் அஸ்தம்பட்டியில் இருந்த என் அண்ணன், ஒரு ஜவுளிக்கடையில் இவருக்குக் கணக்கு வேலை பேசிவைத்திருந்தார். போய்விடலாம் என்று நச்சரித்தேன். இவர் அசையவில்லை.

"இப்பப் போனா எடுத்துட்டு ஓடிட்டான்னுதான் சொல்லுவாங்க. பணம் எங்க போச்சுன்னு அவங்களுக்கு வெளங்கட்டும். அப்புறம் நீ கூப்பிட்ட எடத்துக்கு வாரேன்" என்றார்.

விளங்க வைப்பதற்கு இவர் கண்டுபிடித்த வழி நாடகம். வாயால் சொன்னால் மறந்துபோகிற அந்த இட்லிக்கடை அம்மா, கோயில் திருவிழாவில் போடும் நோம்பி நாடகத்தை ஒரு முறை பார்த்தால் வசனம் தவறாமல் திருப்பிச் சொல்வாராம். அதனால் பண்டு ஆபீஸ் கவிழ்ந்த கதையையே மேடையில் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தார். கல்யாணத்துக்கு முன்னால் இவர் நோம்பி நாடகங்களில் பெண் வேஷம் கட்டியவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முன்பே யாராவது சொல்லியிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

பழைய நாடகக் கூட்டாளிகள் வந்து சேர்ந்தார்கள். எங்கள் வீட்டிலேயே ஒத்திகை. காப்பி போட்டே என் கை ஓய்ந்தது. மூங்கில் தப்பையைக் கட்டி, மேலே சாக்கு சுற்றி ஒரு லாரி செய்தார்கள். ஒரு மரப்பெட்டிக்குக் கறுப்பு வண்ணம் அடித்து இரும்புப் பெட்டி ஆக்கினார்கள். கேஷியர் வேஷத்துக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. மேடைக்குக் கீழே நிற்பவர்கள் நிஜமென்று நினைத்து அடித்துவிடுவார்கள் என்று எல்லோரும் பயந்தார்கள். அதை இவரே போட்டுக்கொண்டார். நாடகம் முடிந்த மறுநாள் காலை சேலம் கிளம்புவது என்று எனக்கு வாக்குக் கொடுத்தார். நானும் பெட்டி படுக்கையைக் கட்டி வைத்துவிட்டேன்.

சந்தைத் திடலில் பொழுது சாயும்போது தொடங்கினார்கள். கட்டணம் இல்லாததால் கூட்டத்துக்குக் குறைவில்லை. இட்லிக்கடை அம்மா முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். நான் அவருக்குப் பின்னால்.

பொய் சொல்லக்கூடாது, நன்றாகத்தான் எழுதியிருந்தார். முதல் காட்சியில் ஜனங்கள் வந்து பணம் கட்டுகிறார்கள். கேட்டபோது கொடுக்கிறோம் என்று சொல்லி வாங்கிப் பெட்டியில் போடுகிறார் கேஷியர். அடுத்த காட்சியில் விவசாயக் காட்டை விற்று லாரி வாங்கப் போகிறவர்கள் வருகிறார்கள். பண்டு ஆபீஸ் தலைவர் பெட்டியில் இருப்பதையெல்லாம் அள்ளி அவர்களுக்குக் கடன் கொடுக்கிறார். திரும்பி வர வருஷக்கணக்காகும் கடன். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு சாக்கு லாரி கிளம்பியபோது திடலே சிரித்தது. பிறகு மழை பொய்க்கிறது, சரக்கு இல்லை, தவணை நிற்கிறது. பெட்டி காலி என்று எவனோ டீக்கடையில் சொல்லிவைக்க, ஒரே காலையில் ஊரே ஜன்னல் முன்னால் வந்து நிற்கிறது.

கடைசிக் காட்சியில் இவர் பெட்டியைச் சபையை நோக்கிக் கவிழ்த்துக் காட்டினார். உள்ளே ஒன்றும் இல்லை.

"நீங்க போட்ட பணம் பொட்டில இல்லீங்க. ரோட்டுல ஓடீட்டிருக்குது. அத்தனை பேரும் ஒரே நாள்ல கேட்டா நான் எங்கீங்க போவேன்?"

வசனம் அதோடு சரி. அழுகை எழுதியதில் இல்லை. இவர் அழுதது நிஜம். பண்டு ஆபீஸ் மூடிய அன்றுகூட இவர் அழவில்லை. இத்தனை பேர் முன்னால் அழுகிறாரே என்று எனக்கு அவமானமாக இருந்தது. எழுந்து போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிடலாமா என்று தவித்தேன். ஆனால் திடலில் ஒரு சத்தம் இல்லை. சரி, புரிந்துவிட்டது, காலையில் கிளம்பலாம் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்து நாடகங்களில் ஒரு வழக்கம் உண்டு. நடிப்பு மனசைத் தொட்டுவிட்டால், பார்க்கிறவர்கள் மேடையேறி நடிகர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குண்டூசியால் குத்துவார்கள். குத்தியவர் பெயரை மைக்கில் சொல்லும்வரை நாடகம் நிற்கும். முதலில் ஒரு லாரி டிரைவர் ஏறினார். என் வீட்டு வாசலில் நின்று கெட்ட வார்த்தை பேசியவர். இவர் சட்டையில் ஒரு ரூபாய் குத்திவிட்டு இறங்கினார். அவர் பின்னால் ஒருவர், அவர் பின்னால் இன்னொருவர். எல்லாம் பண்டு ஆபீஸில் பறிகொடுத்தவர்கள். இவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அதையும் நடிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். காரணம் சொல்ல மேடையேறிய மனுஷனுக்குப் பிச்சை போடுகிறார்களே என்று எனக்குப் பொறுக்கவில்லை.

கடைசியாக இட்லிக்கடை அம்மா எழுந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே மேடையேறினார். அவருக்குக் குண்டூசி குத்த வரவில்லை. நோட்டை இவர் கையிலேயே வைத்தார். மைக் பக்கத்தில் இருந்ததால் அவர் மெதுவாகச் சொன்னது திடல் முழுக்கக் கேட்டது.

"இதை எம்பட கணக்குல போட்டுக்குங்க சாமி."

யாரும் சிரிக்கவில்லை. முன்னால் குத்திவிட்டு இறங்கியிருந்த லாரி டிரைவர் கீழே நின்றபடியே, தன்னுடையதையும் அப்படியே வரவு வைத்துக்கொள்ளச் சொன்னார். ஆமாங்க, எங்களுதையும் என்று இன்னும் சில குரல்கள் வந்தன. காலிப் பெட்டி கவிழ்ந்தபடி மேடையில்தான் கிடந்தது. அதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இவர் அந்த அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் தலையை ஆட்டியிருக்கலாம். ஆட்டவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து தினமும் சொல்கிற அதே குரலில், "ஆகட்டுங்க, போட்டுக்கறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து சட்டையிலிருந்த நோட்டுகளைக் கழற்றி எடுத்து வைத்தார். எது யாருடையது என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். சேலத்துக்கென்று கட்டிவைத்த பெட்டி படுக்கையை நான் அவிழ்த்து, துணிமணிகளை அலமாரியில் திரும்ப அடுக்கினேன். அவர் ஒரு தாளை எடுத்து, இட்லிக்கடை அம்மா பெயரில் முதல் வரவை எழுதினார்.