அல்லது பெட்வே

"இறுக்கிச் சுத்து," என்றான் வெண்டல் பெட்வே.

"இதுக்கு மேல இறுக்கினா ரத்தம் ஓடாது," என்றாள் மாரிசெலா.

"ஓட வேண்டாம். ஊரே என் ரத்தத்தைத்தான் கேக்குது. ஒரே இடத்துல தேங்கி நின்னா எடுத்துக்க வசதியா இருக்கும்."

அவள் அவன் கணுக்காலில் வெள்ளை டேப்பை இன்னொரு சுற்று சுற்றினாள். மருத்துவ அறை மேசை விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தவன் கொஞ்ச நேரம் அவள் உச்சந்தலையையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"நேத்துப் பயிற்சியில நீ மைதானக் கோட்டுக்குப் பக்கத்துலதானே நின்ன?"

"ஆமா."

"நான் கீலன் மேல விழுந்ததைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"விழுந்தேனா, விழ வச்சானுங்களா?"

"எதிர்ப்பக்கம் நின்ன தடியன் உன்னைத் தூக்கி எறிஞ்சான். நீ போயி கீலன் முட்டி மேல விழுந்த."

"இதை யாருகிட்டயாவது சொன்னியா?"

"யாரும் கேக்கல."

"கேக்க மாட்டானுங்க. கேட்டா கதை கெட்டுப்போயிடும்ல?" என்று சிரித்தான். "வாசல் சுவத்துல புதுத்தாள் ஒட்டியிருக்கே, படிச்சியா?"

"படிச்சேன்."

"சொல்லு. என் காதால கேக்கணும்."

"பெட்வே அல்லது டென்னி."

"பாத்தியா! மூணு வருஷமா 'கீலன் அல்லது பெட்வே'. சரி, கீலன் பெரிய ஆளு, ஒத்துக்கறேன். இப்ப கீலன் முட்டி போச்சு. மிச்சம் இருக்கறது நான் ஒருத்தன். என் பேரைத் தனியா எழுதினா மையி தீந்துபோயிடுமா? பால்குடி மறக்காத பயலைக் கொண்டாந்து பக்கத்துல நிறுத்தி, நடுவுல ஒரு 'அல்லது'."

"டென்னி வேகமா ஓடுவான்."

"மானும்தான் வேகமா ஓடுது. நெடுஞ்சாலையில போய்ப் பாரு, எத்தனை செத்துக் கெடக்குன்னு."

மேசையிலிருந்து குதித்து இறங்கி, காலை ஊன்றிப் பார்த்தான். "நீயும் அவங்க ஆளுதான், மாரி. வாயைத் திறக்காம சுத்திக்கிட்டே இரு." நன்றி என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போய்விட்டான்.

ஹார்லன் ஃபெரி கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் அவனுக்கு 'அல்லது' என்றே பட்டப்பெயர். பந்தைச் சுமந்து ஓடுகிற இடத்துக்கு யார் என்று கோச் ஸ்டக்கி வாராவாரம் சுவரில் ஒட்டும் தாளில் அவன் பெயர் அந்தச் சொல்லை விட்டு வந்ததே இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் "அல்லது, அந்த உப்பை எடு" என்பார்கள். உப்பை எடுத்துத் தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வான்.

ஆற்று வளைவில் இருக்கும் சோயர்ஸ் பெண்டில் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது அவன் ஒரு ராஜா. வெள்ளிக்கிழமைகளில் டயர்க் கடைக்காரர் தன் கண்ணாடியில் அவன் எண்ணைச் சுண்ணாம்பில் எழுதிவைப்பார். கல்லூரிக்கு வந்த முதல் மாதமே தெரிந்துவிட்டது, அந்த வேகம் அந்த ஊருக்குள் மட்டும்தான் வேகம் என்று. அவனிடம் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. பந்தை எறிகிறவனை உடைக்க ஓரத்திலிருந்து பாய்ந்து வருகிறவனை முன்கூட்டியே பார்த்து, குறுக்கே போய் நெஞ்சைக் கொடுப்பான். அந்த வேலைக்கு யாரும் கை தட்டுவதில்லை. கை தட்டாததற்காக அவன் எல்லாரையும் வெறுத்தான்; வெறுப்பை மறைக்கவும் மாட்டான். மாரிசெலாவுக்கு அவனைப் பிடிக்கவில்லை. அவள் மருத்துவ அறையில் டேப் சுற்றவும் தண்ணீர் கொடுக்கவும் சேர்ந்திருந்த மாணவி. கோழி வெட்டும் ஆலையில் வேலை பார்க்கும் அப்பா அம்மாவோடு வீட்டில் ஸ்பானிஷ், வெளியில் ஆங்கிலம். இரண்டிலும் தேவைக்கு மேல் பேசுவதில்லை.

அந்த வாரம் ஆட்டம் கிடையாது. அதனால் ஊருக்குப் பேச நிறைய நேரம் இருந்தது. கீலனுக்கு எப்படி அடிபட்டது என்று கேட்டவர்களிடம் கோச் ஸ்டக்கி "பெட்வே அவன் மேல விழுந்தான்" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. மழையில் ஊறிய புல்லில், முழுக் கவசத்தோடு பையன்களை மோதவிட்டது யார் என்ற கேள்வி அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிவதற்குள் "மேல விழுந்தான்" என்பது "காலை மிதிச்சான்" ஆகிவிட்டது.

பெட்ரோல் பங்கில் பொரித்த கோழி விற்கும் லவான் அம்மாள் யாரையும் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவாள். மாரிசெலா வரிசையில் நின்றிருந்தபோது முன்னால் பெட்வே நின்றான்.

"எனக்கு லெக் பீஸ் ரெண்டு," என்றான்.

"லெக் பீஸ் இல்ல, கண்ணு."

"தட்டு நிறைய இருக்கே!"

"அது மத்தவங்களுக்கு. உன் கையில காலைக் குடுத்தா என்ன ஆகும்னுதான் ஊரே பாத்துச்சே. கழுத்து இருக்கு, தரட்டுமா?"

வரிசையில் இருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். பெட்வே கழுத்தை வாங்கிக்கொண்டான். அங்கேயே நின்று, அவளைப் பார்த்தபடி எலும்போடு கடித்துத் தின்றுவிட்டு, காகிதத்தை அவள் கல்லாமேல் வைத்துவிட்டுப் போனான். மாரிசெலா வரிசையில் ஒரு அடி முன்னால் நகர்ந்தாள்.

பயிற்சியில் அவன் தன் பங்குக்குத் திருப்பிக் கொடுத்தான். முதலாம் ஆண்டுப் பையன் டென்னி ஒரு நாள் மூச்சிரைக்க அவனிடம் ஓடிவந்தான்.

"அண்ணே, ஓரத்துல இருந்து ரெண்டு பேரா வந்தா நான் யாரைப் பிடிக்கணும்?"

"கோச்சைக் கேளு."

"அவர்தான் உங்களைக் கேக்கச் சொன்னார்."

"அப்ப பைபிளைக் கேளு."

"அண்ணே, நிஜமாத்தான் கேக்கறேன்."

"நான் மட்டும் என்ன, பொய்யா சொல்றேன்? நல்லா ஜெபம் பண்ணு. உன் முறை வந்தா உனக்கு அது ஒண்ணுதான் துணை."

அடுத்த வாரச் சனிக்கிழமை மதியம், பக்கத்து மாவட்டத்துக் கல்லூரியோடு ஆட்டம். முதல் பாதியில் பெட்வே பந்தைத் தொட்டபோதெல்லாம் சொந்த ஊர்க் கூட்டமே ஊளையிட்டது. இரண்டாம் பாதியில் அவன் எதிரணி ஆட்களுக்குள் தலையைக் கொடுத்து முட்டி முட்டி முன்னேறினான், புள்ளியும் ஏறியது. ஊளை குறைந்தது. ஆட்டம் முடிய இருக்கையில் ஒரு புள்ளிதான் முன்னால் இருந்தார்கள். அப்போதுதான் எதிராளி ஒருவன் ஹெல்மெட்டோடு ஹெல்மெட் மோதி அவனைச் சாய்த்தான்.

எழுந்தான். நேராக நடந்தான். நடந்தது எதிர் அணியின் பெஞ்சை நோக்கி. கூட்டம் சிரித்தது. மாரிசெலா ஓடிப்போய் முழங்கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிவந்து உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வெண்டல், நாம எங்க இருக்கோம்?"

"சோயர்ஸ் பெண்ட்," என்றான். பிறகு, தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்த பிள்ளையைப் போல அவள் முகத்தைப் பார்த்தான். "இல்ல. அது இல்ல."

அதற்குள் கூட்டம் கூப்பிடத் தொடங்கிவிட்டது. முதலில் மாணவர்கள் பக்கம், பிறகு எதிரே ஊர்க்காரர்கள் பக்கம்: "பெட்வே! பெட்வே!" அந்த மைதானம் அவன் பெயரை 'அல்லது' இல்லாமல் சொன்னது அன்றுதான். அவன் அதைக் கேட்டான். கேட்டுக்கொண்டே தாடைப் பட்டையை அவிழ்த்து, ஹெல்மெட்டைக் கழற்றி, அவள் மடியில் வைத்தான்.

"போதும், மாரி. எனக்குப் பயமா இருக்கு."

ஹெல்மெட் இல்லாமல் யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. தலையில் அடிபட்டவன் மறுபடி உள்ளே ஓடிவிடாமலிருக்க மருத்துவ ஆட்கள் அதை எடுத்து ஒளித்து வைப்பது வழக்கம். அதனால் அவள் மடியில் அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் நினைத்தார்கள்.

கோச் ஸ்டக்கி வந்தார். "ஏய் பொண்ணு, குடு அதை."

"தலையில அடி, சார்."

"அந்தத் தலைக்குள்ள அடிபட என்ன இருக்கு? குடுன்னா குடு!"

அவள் இரண்டு கைகளாலும் ஹெல்மெட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். உள்ளே வியர்வை இன்னும் சூடாக இருந்தது. கோச் பெட்வே பக்கம் திரும்பினார். பெட்வே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மருத்துவர் வந்து அவன் கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, முடியாது என்று தலையாட்டுவதற்குள் டென்னி உள்ளே போயாகிவிட்டது.

ஓரத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். டென்னி இடப்பக்கம் ஒரு அடி வைத்தான், வலப்பக்கம் ஒரு அடி வைத்தான், ஒருவனையும் பிடிக்கவில்லை. பந்தை எறிகிறவன் மல்லாந்தான், பந்து உருண்டது, எதிரணிக்காரன் அள்ளிக்கொண்டு ஓடினான். அதோடு ஆட்டம் கையை விட்டுப் போனது. மேலேயிருந்து ஐஸ் கட்டிகளும் வேகவைத்த வேர்க்கடலையும் மாரிசெலாவின் முதுகில் விழுந்தன.

மறுநாள் வானொலியில் கோச் சொன்னார்: "என் பையன் ஆடத் தயாராத்தான் இருந்தான். ஒரு பொண்ணு ஹெல்மெட்டைப் பிடுங்கி வச்சுக்கிட்டா. நான் என்ன பண்றது?" ஒரே ராத்திரியில் பெட்வே 'என் பையன்' ஆகிவிட்டான். லவான் அம்மாள் அவனுக்கு லெக் பீஸ் அள்ளி வைத்து, காசு வாங்க மறுத்தாளாம். மாரிசெலாவிடம் அதே அம்மாள் "உங்க ஊருக்கே போயிடேன், கண்ணு" என்றாள். மாரிசெலாவின் ஊர் அந்தச் சாலையில் அரைமணி நேரம் தள்ளி இருந்தது. அவள் கார்க் கண்ணாடியில் யாரோ ஷூ பாலிஷால் எழுதிவைத்ததை அவள் அப்பா பார்ப்பதற்குள் சுரண்டி எடுக்கவேண்டியிருந்தது.

பெட்வே இப்போது சோயர்ஸ் பெண்ட் பள்ளிக்கூடத்தில் பையன்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறான். நன்றாகக் கத்துவானாம். யாராவது சுளுக்கு என்று உட்கார்ந்தால், மண்டை கலங்கிய நிலையிலும் விடாமல் நின்றவனின் கதையை மற்றவர்கள் சொல்லிக் காட்டுவார்களாம். அவன் மட்டும் அந்தக் கதையைச் சொல்வதில்லை. உட்கார்ந்தவனை எழுப்புவதும் இல்லை. மாரிசெலா அந்தப் பருவத்தோடு மருத்துவ அறையை விட்டு வெளியேற்றப்பட்டாள். தன் இஷ்டத்துக்கு முடிவெடுத்தாள் என்று காரணம் சொன்னார்கள்.

அதற்கெல்லாம் முன்னால், கல்லூரி அவளை விசாரணைக்குக் கூப்பிட்ட திங்கட்கிழமை காலை, அலுவலகப் படிக்கட்டில் பெட்வே காத்திருந்தான். வெளிச்சம் குத்துகிறது என்று கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான்.

"உள்ள என்ன சொல்லப்போற?"

"நடந்ததை."

"எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல இருந்து கூப்பிட்டாங்க. படிப்பு முடிஞ்சதும் வேலை தர்றாங்களாம். ஹெல்மெட்டைக் கேட்டுச் சண்டை போட்ட பையன்தான் வேணுமாம். எனக்கு வேற ஒண்ணும் இல்ல, மாரி."

"எனக்கும் இந்த வேலை ஒண்ணுதான் இருக்கு."

"தெரியும்." கண்ணாடியைக் கழற்றினான். கண் கலங்கியிருந்தது, வெளிச்சமாகவும் இருக்கலாம். "உனக்கு நான் நல்லது ஒண்ணும் பண்ணினதில்ல. இனிமே பண்ணுவேன்னும் சொல்லமாட்டேன். நீ பிடுங்கினன்னே சொல்லிடு. நான் விடாம இழுத்தேன்னு சொல்லு. கெட்ட வார்த்தையில திட்டினேன்னும் சேத்துக்க. அதை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."