ஏழாம் நம்பர் பெட்டியில் குடியிருந்தவர்கள்

ஸ்ரீபெரும்புதூர் தபாலாபீசுக்கு எதிர்வரிசையில், இன்றைக்குச் செல்போன் கடை இருக்கிற இடத்தில், 1991-ல் ஒரு டைப்பிங் கடை இருந்தது. கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி ஹாரன் அடிக்கும் அந்த முனையில் அப்போது இரண்டு டவுன் பஸ் சேர்ந்தாற்போல் வந்தாலே பெரிய விஷயம். கடைக்குள் ஒரு ரெமிங்டன் மெஷின், ஒரு பெஞ்சு, மெஷினுக்குப் பின்னால் செங்கமலம். நாற்பத்திரண்டு வயது, தடித்த கண்ணாடி, சுருக்கென்று வரும் கோபம். 'தப்பு என்னுது' என்று அவள் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை.

சுற்றுவட்டாரத்தில் யாருக்கு எந்த ஃபாரம் நிரப்ப வேண்டியிருந்தாலும் அவளிடம்தான் வருவார்கள். பாஸ்போர்ட்டு, மஸ்கட் வேலை, அமெரிக்க விசா, எல்லாமே அந்த மெஷினில் ஏறி இறங்கியவைதான். ஃபாரம் நிரப்புவதில் அவள் பிடிவாதமாக வைத்திருந்த சட்டம் ஒன்று உண்டு. எத்தனை கட்டத்தில் விலாசம் கேட்டாலும் அத்தனை கட்டத்திலும் ஒரே விலாசம்தான் இருக்க வேண்டும். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ரேஷன் கார்டில் 'மேட்டுத் தெரு' என்றும் இன்னொரு காகிதத்தில் 'வடக்கு மேட்டுத் தெரு' என்றும் இருந்துவிட்டால் போதும், தாலுகா ஆபீசில் மனுவை முகத்தில் எறிவார்கள். இருபது வருஷமாக அதைப் பார்த்துப் பார்த்து வந்த சட்டம் அது.

வெளிநாட்டுக் கடிதத்துக்குக் காத்திருந்தவர்களுக்கெல்லாம் அவள் எழுதிக் கொடுத்த விலாசம் 'தபால் பெட்டி எண் 7, ஸ்ரீபெரும்புதூர்'. புதிதாகக் கேட்பவர்கள் தெருமுனையில் நிற்கும் சிவப்புப் பெட்டியை நினைத்துக்கொண்டு முழிப்பார்கள். இது வேறு. தபாலாபீஸ் உள்சுவரில் சின்னச் சின்ன அறைகளாகப் பூட்டுப் போட்ட மரப்பெட்டிகள் இருந்தன. வாடகைக்கு எடுத்தவருக்கு வரும் கடிதத்தை அதில் போட்டுவிடுவார்கள், அவர் சாவி போட்டு எடுத்துக்கொள்ள வேண்டியது. ஏழாம் நம்பர் பெட்டி செங்கமலத்தின் புருஷன் தணிகாசலம் எடுத்தது. வாரப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்துக் கத்திரி விதை, மிளகாய் விதை எல்லாம் தபாலில் விற்றவர் அவர். ஒரு நாளைக்கு முப்பது கடிதம் கூட வந்ததுண்டு. எண்பத்து மூன்றில் மஞ்சள் காமாலை வந்து பத்தே நாளில் போய்விட்டார்.

அவர் போன பிறகும் ஆறு மாதம் ஆர்டர் வந்துகொண்டிருந்தது. அப்புறம் நின்றது. செங்கமலம் மட்டும் தினம் பதினோரு மணிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, வெறும் பலகையைக் கையால் ஒரு தரம் தடவிவிட்டு வருவாள். புள்ளை குட்டி கிடையாது. அவளுக்குக் கடிதம் போடுகிற ஆளும் கிடையாது. எதற்காகத் திறக்கிறாள் என்று கேட்டால் எரிந்து விழுவாள்.

பிறகு ஒரு நாள் மரகதம் என்கிற பெண் அழுதுகொண்டு வந்தாள். மஸ்கட்டிலிருந்து அவள் புருஷன் போட்ட கடிதத்தில் பாதிதான் அவள் கைக்கு வந்திருந்தது. கிராமத்துக்குத் தபால்காரர் வாரம் இரண்டு நாள்தான் வருவார். மொத்தக் கட்டையும் ரேஷன் கடையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். வெளிநாட்டு ஸ்டாம்ப்பு என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உயிர். உறையோடு சேர்த்து உள்ளே இருக்கிற சங்கதியையும் கிழித்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். "என் பொட்டி சும்மாதான் கீது, அதுக்குப் போடச் சொல்லு" என்றாள் செங்கமலம். அப்படி ஆரம்பித்தது. தொண்ணூற்றொன்றில் அந்தச் சின்ன மரப்பெட்டியின் பேரில் கடிதம் வாங்கிய குடும்பங்கள் எத்தனையோ. அதில் அமெரிக்க விசாவுக்குக் காத்திருந்தவர்கள் மட்டும் ஒன்பது பேர். பதினோரு மணிக்கு அவள் கைநிறையக் கடிதத்தோடு தெருவைக் கடந்து வருவதைப் பார்த்தால், அத்தனையும் அவளுக்கே வந்தது என்றுதான் தோன்றும். அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் அவள் பெட்டியைக் கொடுத்தாள். உபகாரம் அப்புறம்தான்.

அந்த ஒன்பது பேரில் ஒருத்தி ஷெர்லின். படப்பைக்கு உள்ளே ஒரு கிராமம். புருஷன் ஜெபகுமார் சிகாகோவில் ஒரு மெஷின் ஷாப்பில் வேலை. பெஞ்சாதிக்கும் பிள்ளைக்கும் மனு போட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. மகளுக்கும் மூன்று வயது. அப்பன் முகத்தைப் பார்த்ததில்லை. நீலநிற ஏர்மெயில் தாளைக் கண்டால், "அப்பா வந்துட்டாரு" என்று கைதட்டும்.

ஆகஸ்ட் மாதம் மெட்ராஸ் அமெரிக்கத் துணைத் தூதரகத்திலிருந்து ஷெர்லின் பேருக்குத் தடித்த உறை வந்தது. இன்டர்வியூவுக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்கு ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினாள் செங்கமலம். பஸ் பிடித்து ஓடி வந்த ஷெர்லின் பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தாள். நர்ஸ் படிப்புப் படித்தவள், இங்கிலீஷ் வாசிப்பாள். வாசிக்க வாசிக்க முகம் வெளுத்தது.

"இன்னாடி, தேதி போட்டுக்கீறானா?"

"தேதியெல்லாம் இல்லக்கா. குடியிருக்கிற விலாசம்னு கேட்ட இடத்துல பெட்டி நம்பர் கீதாம். பெட்டியில யாரும் குடியிருக்க முடியாதுன்றாங்க. இன்னும் எட்டுப் பேரு அதே பெட்டியில குடியிருக்கிறதா எழுதிக் குடுத்துக்கீறாங்களாம். பெட்டிக்குச் சொந்தக்காரங்களைக் கூட்டிகினு இந்த மாசத்துக்குள்ள நேர்ல வரணுமாம். இல்லன்னா மனுவைத் தள்ளிடுவாங்களாம்க்கா."

செங்கமலம் கடிதத்தைப் பிடுங்கிக் கண்ணாடியைத் தூக்கி இறக்கி இரண்டு தரம் வாசித்தாள். கடித விலாசம் என்று ஒரு கட்டம், குடியிருக்கும் விலாசம் என்று ஒரு கட்டம். அவளுடைய சட்டப்படி இரண்டிலும் ஏழாம் நம்பர் பெட்டி. கார்பன் காப்பிகளை எடுத்துப் பார்த்தாள். ஒன்பதிலும் அதே கதை. தபாலாபீசிலிருந்து டீ குடிக்க வந்த கிளார்க் ரகுபதியிடம் காட்டினாள்.

"இன்னாம்மா இது, ஒம்போது குடும்பம் ஒரு பொட்டியிலயா? குண்டு வெடிச்ச மே மாசத்துலேர்ந்து போலீஸ்காரன் லாட்ஜ் லாட்ஜா பூந்து அட்ரஸ் கேட்டுகினு கீறான். இந்த நேரம் பார்த்தா இப்படி மாட்டிக்கிறது?"

"நீ டீயைக் குடி" என்றாள் செங்கமலம். அந்தக் குழந்தையின் அப்பனைத் தன் மெஷினே தடுத்து நிறுத்திவிட்டதே என்று இருந்தது. ராமானுஜர் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டு, "நாளைக்கே போலாம்" என்றாள்.

மறுநாள் இருவரும் மெட்ராஸ் போனார்கள். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள் ஷெர்லின். தூதரகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வெள்ளைக்காரி ஒருத்தி, பக்கத்தில் தமிழில் மாற்றிச் சொல்ல நம்ம ஊர்ப் பெண் ஒருத்தி.

"ஏழாம் நம்பர் பெட்டியில யார் குடியிருக்காங்கன்னு கேக்கறாங்க."

"யாரும் இல்லீங்க. எலிகூடப் பூர முடியாது. கையகலம்தான் கீது."

மாற்றிச் சொன்ன பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். வெள்ளைக்காரி சிரிக்கவில்லை. அப்படியானால் ஏன் எழுதினார்கள் என்று கேட்டாள். செங்கமலம் ஷெர்லினைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்துக்கொண்டே, "அவங்க எழுதலீங்க. நான்தான் எழுதனேன். ரெண்டு எடத்துல வேற வேற அட்ரஸ் இருந்தா எங்க ஊர்ல மனுவைத் தள்ளிடுவாங்க, அதான். தப்பு என்னுது. இவ பேர்ல ஒண்ணும் இல்ல" என்றாள். அந்த வார்த்தை இவ்வளவு சுலபமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

வெள்ளைக்காரியும் மாற்றிச் சொன்ன பெண்ணும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வெகுநேரம் கழித்து வந்தார்கள். கடிதத்துக்குப் பெட்டி நம்பர் கொடுப்பதில் தவறில்லை, ஆனால் அது மனு போட்டவருடைய சொந்தப் பெட்டியாக இருக்க வேண்டும். அடுத்தவர் பெட்டி கூடாது. ஒன்பது பேரும் ஒரு மாதத்துக்குள் தங்கள் தங்கள் வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டால் யாருடைய மனுவும் கெடாது. இனி அவர்கள் பேருக்குக் கடிதம் இந்தப் பெட்டிக்கு வரக்கூடாது. சம்மதமா?

செங்கமலத்துக்கு உடனே புரிந்தது. அமெரிக்காக்காரன் சொன்னான் என்று தெரிந்தால் மஸ்கட்டுக் குடும்பங்களும் பயந்துகொண்டு விலாசத்தை மாற்றிக்கொள்ளும். பதினோரு மணிக்குத் திறந்தால் மறுபடியும் வெறும் பலகைதான். ஷெர்லின் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சம்மதம்னு சொல்லும்மா அவங்ககிட்ட" என்றாள் செங்கமலம்.

மூன்று நாள் வேறு வேலை எதையும் தொடாமல் ஒன்பது கடிதங்களையும் அடித்தாள். ஒவ்வொருவராக வந்து பெஞ்சில் உட்கார்ந்து தங்கள் வீட்டு விலாசத்தைச் சொன்னார்கள். தெருப் பேர் தெரியாதவனைத் திட்டினாள், கதவு எண் கேட்டு வரச் சொல்லி ஒருவனைத் திருப்பி அனுப்பினாள். வழக்கத்தைவிட அதிகமாகவே கத்தினாள். அவள் நினைத்தபடியே மற்ற குடும்பங்களும் விலகின. ஊர் ஊராகத் தபால்காரரைப் பிடித்துத் தங்கள் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சண்டை போடக் கற்றுக்கொண்டார்கள். செப்டம்பர் கடைசியில் பெட்டி காலி. ஆனாலும் அவள் போய்த் திறப்பதை நிறுத்தவில்லை. ரகுபதி அந்த நேரத்தில் வேண்டுமென்றே குனிந்து முத்திரை குத்திக்கொண்டிருப்பான்.

அந்தப் பக்கத்து ஊர்களில் ஐம்பது தாண்டியவர்கள் இன்றைக்கும் அவளைப் பற்றிப் பேசுவார்கள். அவளிடம் வாங்கிய திட்டையெல்லாம் பெருமையாகச் சொல்லுவார்கள். பெட்டி காலியாகக் கிடந்த அந்த இரண்டு மாதம் அவள் எப்படி இருந்தாள் என்பது மட்டும் யாருக்கும் நினைவில்லை. அவரவர் விசா அவரவர் கவலை.

நவம்பரில் ஒரு நாள் காலை ஷெர்லின் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். விசா குத்தியாகிவிட்டது, வெள்ளிக்கிழமை விமானம். செங்கமலம் பாஸ்போர்ட்டை வாங்கி எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினாள். "போய்ச் சேரு. அங்க போயி ஃபாரம் கீரம் குடுத்தா நிதானமாப் படிச்சு எழுது" என்றாள்.

"சரிக்கா. உங்க அட்ரஸ் ஒண்ணு அடிச்சுக் குடுங்க."

"எதுக்குடி? இன்னும் எந்த ஃபாரம் பாக்கி?"

"ஃபாரத்துக்கு இல்லக்கா. உங்களுக்கு லெட்டர் போட."

செங்கமலம் ஒரு தாளை மெஷினில் சொருகினாள். தாலுகாவுக்கே விலாசம் அடித்த விரல்கள் முதல் எழுத்திலேயே தடுமாறின. தன் பேரைக் கடைசியாக எப்போது அடித்தோம் என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். பேர், அதற்குக் கீழே பெட்டி எண், அதற்குக் கீழே ஊர். மூன்றே வரி. அடித்து முடித்த பிறகும் தாளை உருவாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தும் ஷெர்லின் தாளைக் கேட்டு அவசரப்படுத்தாமல் நின்றாள்.