விளக்குக் கம்பத்தருகே நின்றவர்

எழுபதுகளின் நடுப்பகுதி. அபுதாபியில் நான் வேலை பார்த்த ஸ்டூடியோவில் கல்யாணப் படத்துக்கும் பாஸ்போர்ட் படத்துக்கும் வேறு ஆட்கள் இருந்தார்கள். கட்டடம், பாலம், சாலை என்றால் என்னைத்தான் அனுப்புவார்கள். அதில் எனக்குத் தலைகால் புரியாத கர்வம். அந்த வருஷம் கடற்கரைச் சாலை போட்ட கம்பெனி ஒன்று, தன் ஆபீஸ் சுவரில் மாட்டுவதற்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எல்லாமே ஒரே படத்தில் வேண்டும் என்று கேட்டது.

ஒரே படம் என்பது பார்க்கிறவர்களுக்குத்தான். முக்காலியில் பெரிய காமிராவை நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஏழு படம் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் அடுத்ததன் மேல் கால்வாசி ஏறியிருக்கும். பிறகு ஏழு பிரிண்ட்டையும் வெட்டி, ஓரங்களைப் பின்பக்கம் உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்கி ஒட்டினால் இணைப்பு தெரியாது. ஃபிலிம் உள்ளங்கையை விடப் பெரிது. நடைபாதையில் நிற்கிறவர் சட்டையில் எத்தனை பொத்தான் என்று எண்ணிச் சொல்லிவிடலாம்.

முக்காலியின் கால் மணலில் இறங்கியபோது நான் தமிழில் திட்டினேன். அதைக் கேட்டுத்தான் அவர் ஓடி வந்தார். நடைபாதைக்குக் கல் பதிக்கும் கூலி வேலை. முதுகுளத்தூர்ப் பக்கம். பம்பாயிலிருந்து லாஞ்சுப் படகில் கள்ளத்தனமாக வந்து இறங்கியவர்.

"எங்களுக்குப் பின்னால வந்த லாஞ்சி முங்கிருச்சு சார். அதுல நானும் போயிட்டேன்னு ஊருல பேச்சு. எனக்கு எழுதத் தெரியாது. கேம்ப்ல ஒருத்தன்தான் லெட்டர் எழுதித் தர்றான். எவனோ எழுதி ஏமாத்துறான்ங்கிறாக. என் சம்சாரத்தத் தாலியக் கழத்தச் சொல்லி அவ அண்ணன்மாரு நிக்கிறாக. ஒரே ஒரு போட்டா அனுப்பிட்டாப் போதும் சார்."

"ஸ்டூடியோவுக்கு வரலாமே?"

"கையில ஒரு பேப்பரும் இல்ல சார். டவுனுக்குள்ள போனாப் புடிச்சிருவாக."

பையில் கூடுதலாக ஒரு ஃபிலிம் இருந்தது. அதை அவருக்காகச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. "அந்த விளக்குக் கம்பத்துக்கிட்ட நில்லுங்க. இந்தப் படத்துலயே விழுந்துடுவீங்க. உங்கள மட்டும் பெரிசா போட்டுத் தரேன்" என்றேன். அவர் ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கடலுக்கு முன்னால் வாயெல்லாம் பல்லாக நின்றார். மூன்றாவது படம் அது. இம்மிகூட அசையவில்லை. "போதும், போங்க. வர்ற வெள்ளிக்கிழமை யாரையாவது அனுப்புங்க" என்றேன். அதற்குள் ஃபோர்மன் "யல்லா, யல்லா" என்று கத்த, அவர் வேலைக்கு ஓடிவிட்டார். நாலாவது படம் எடுக்கும்போது கம்பம் மட்டும் நின்றது.

ஒட்ட உட்கார்ந்தபோது இரண்டு பிரிண்ட்டிலும் அந்தக் கம்பம் இருந்தது. மூன்றாவதில் அவரோடு, நாலாவதில் அவர் இல்லாமல். அவரை எடுத்துவிடு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. கிழிந்த பனியனும் சிமெண்ட் அப்பிய காலுமாக, புத்தம்புது நடைபாதைக்குத் திருஷ்டிப் பொம்மை மாதிரி நிற்கிறார் என்று எனக்கே பட்டது. மூன்றாவது பிரிண்ட்டில் அவருக்கு இடதுபக்கம் கத்தியை வைத்து வெட்டினேன்; அந்த இடத்தில் நாலாவதின் வெறும் கம்பம் வந்து உட்கார்ந்தது. அவர் இருந்த துண்டு குப்பைக்கூடைக்குப் போனது. நெகட்டிவ்தான் இருக்கிறதே, அவருக்குத் தனியாகப் போட்டுக்கொள்ளலாம் என்று அதை உறையில் வைத்தேன். கால் மணி நேர வேலை. அந்த வாரம் முழுக்க அதைச் செய்யவில்லை. சோம்பல் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரே வந்து நின்றார். யாரிடமோ இரவல் வாங்கிய முழுக்கைச் சட்டை. பயத்தில் கழுத்தெல்லாம் வியர்வை. அந்த நேரம் பார்த்துக் கம்பெனிக்காரர்கள் சுவரில் சாய்த்திருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு தமிழ் என்ஜினியர், "ஒரே ஷாட்டா? எங்கயுமே ஒட்டுப் போடலையா?" என்று ஆச்சரியப்பட்டார். நானும் கூசாமல் "ஒரே ஷாட்தான் சார்" என்று சொல்லி முடித்திருந்தேன்.

இரவல் சட்டைக்காரர் நேராகப் படத்துக்கிட்டே போனார். விரலை வைத்துக் கம்பங்களை எண்ணிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"சார், இந்தக் கம்பந்தான? நா இல்லியே?"

என்ஜினியர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீ அசைஞ்சிட்டே. அசைஞ்சா படத்துல விழாது" என்றேன். அதுவரை நீங்க, வாங்க என்று பேசியவன்தான்.

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "மூக்குல ஒரு ஈ ஒக்காந்துச்சு சார். தொரத்தக்கூட இல்ல. கண்ண லேசாச் சிமிட்டுனேன், அதான் போல. மன்னிச்சிருங்க சார். உங்க வேலையையும் கெடுத்துட்டேன்."

என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்டார். நானும் அதை வாங்கிக்கொண்டேன்.

கம்பெனிக்காரர்கள் போனதும் பெரிய மனசு பண்ணுகிறவன் போல அவரை உள்ளே உட்காரவைத்து, காசு வாங்காமல் ஒரு படம் எடுத்தேன். மனிதர் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தார். பிரிண்ட் வந்தபோதே எனக்குத் திக்கென்றது. ஊரில் செத்தவரைப் பாடையில் தூக்குவதற்கு முன்னால் நாற்காலியில் உட்காரவைத்துப் படம் பிடிப்பார்களே, அச்சு அசல் அது. மறுபடி எடுப்பதென்றால், அசைந்தால் பரவாயில்லை என்று சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தைக் கொடுத்தால் என் பொய் வெளிப்பட்டுவிடும். அந்த நெகட்டிவ் உறை கைக்கெட்டும் அலமாரியில் இருக்க, இதையே கவரில் போட்டுக் கொடுத்தனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து, அதே இரவல் சட்டையில் மறுபடி வந்தார்.

"போட்டாவப் பாத்துட்டு எல்லாரும் கதறிட்டாகளாம் சார். பொணத்த ஒக்கார வச்சு எடுத்ததுன்னு மச்சினமாரு சொல்லிட்டாக. அவ ஒருத்திதான் இன்னும் தாலியக் கழத்த மாட்டேன்னு கெடக்கா. எத்தன நாளைக்குன்னு தெரியல." தலையைக் குனிந்துகொண்டார். "அன்னைக்கும் நாந்தான் எங்கயோ அசைஞ்சிருக்கேன் சார். இந்த வாட்டி அப்பிடியே கல்லு மாதிரி இருக்கேன், பாருங்க."

உட்காரவைத்து விளக்கைப் போட்டேன். கண்ணை அகல விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் சிரிங்க."

உதடு அசையாமல் சொன்னார்: "சிரிச்சா வாய் அசைஞ்சிருமே சார்."

அதற்கு மேல் என்னால் காமிராவுக்குப் பின்னால் நிற்க முடியவில்லை. விளக்கை அணைத்தேன். இருங்க என்று சொல்லிவிட்டு இருட்டறைக்குப் போய், அந்த மூன்றாவது நெகட்டிவை எடுத்து, அவரை மட்டும் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். காயக்கூட விடாமல் கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் ஏந்தி வாங்கினார். கடல், கம்பம், வாயெல்லாம் பல்லாக அவர். மூக்கு நுனியில் அந்த ஈகூடத் தெரிந்தது.

வாய்க்கு வந்தபடி திட்டுவார் என்று காத்து நின்றேன். திட்டியிருந்தால் எனக்கும் நன்றாக இருந்திருக்கும். அவர் வெகுநேரம் படத்தையே பார்த்துவிட்டு, முகமெல்லாம் சந்தோஷமாக நிமிர்ந்தார்.

"அப்ப நா அசையவே இல்லியா சார்?"