டொக்டொக் கண்காட்சிக்குப் போகிறார்

பெண் வீட்டாரும் தன் அக்காவும் கல்யாணத் தேதி பேசிக்கொண்டிருக்க, மாப்பிள்ளையின் விரல் முட்டி பக்கத்திலிருந்த அலமாரியைத் தட்டிக்கொண்டிருந்தது. டொக், டொக். காதைச் சற்றே சாய்த்து மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. பேச்சு நின்று எல்லோரும் தன்னையே பார்ப்பதை உணர்ந்ததும் கையை மடிக்கு இழுத்துக்கொண்டு, "மேல நல்ல மரம். கீழ உள்ளே ஒண்ணுமில்ல" என்றார். பெண்ணின் அப்பா அலமாரியை ஒருமுறை பார்த்தார். மாப்பிள்ளையை ஒருமுறை பார்த்தார். பெண் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

கண்காட்சிகளுக்கு ஸ்டால் அடிப்பது அவர் தொழில். பெரிய அரங்குகளுக்குள் சில நாள் மட்டும் நிற்கும் அரண்மனைகள், மாடங்கள், பளிங்குத் தூண்கள் எல்லாம் அவர் கையால் எழும். பளிங்கு என்பது தெர்மகோல். அரண்மனை என்பது பிளைவுட். அதன் முதுகில் முட்டுக்கொடுத்த சட்டங்கள். வாழ்நாளில் பாதியை இதில் கழித்த கை, எதைக் கண்டாலும் தட்டிப் பார்க்கப் பழகிவிட்டது. சுவர், பஸ்ஸின் பக்கவாட்டு, வங்கி மேலாளரின் மேஜை, எதையும் விடுவதில்லை. தட்டிவிட்டுத் தீர்ப்பும் சொல்வார்: "உள்ளே ஒண்ணுமில்ல." உடன் வேலை செய்கிறவர்கள் அவருக்கு டொக்டொக் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கூப்பிட்டால் திரும்புகிறார்.

நாற்பது தாண்டும்வரை அவருக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சம்பளம் என்ன, வீடு யார் பேரில், முன்வழுக்கை எப்போதிலிருந்து. இந்தப் பெண் எதையும் கேட்கவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். முதல் சந்திப்பிலேயே அவர் கட்டை விரலில் இருந்த வெடிப்பைத்தான் பார்த்தாள். அடுத்த முறை ஒரு களிம்பு கொண்டுவந்து, "ராத்திரி தடவிட்டுப் படுங்க. தண்ணியில கை வைக்காதீங்க" என்றாள். அன்று வீடு திரும்பிய தம்பி ஏன் தானாகச் சிரித்துக்கொள்கிறான் என்று அக்காவுக்கு வெகுநேரம் புரியவில்லை.

அப்படிப்பட்டவளைத்தான் அவர் ஒரு மாலையில் வாடவைத்துவிட்டார். மரச்சாமான் கடை ஒன்றில், கண்ணாடி பதித்த அலங்கார மேஜை முன் அவள் நின்றுகொண்டிருந்தாள். டொக்டொக் வந்தார், தட்டினார், இழுப்பறையை உருவித் தலைகீழாகத் திருப்பினார். "அட்டைங்க. மேல தாள் ஒட்டியிருக்கான். ஒரு மழைக்குத் தாங்காது." சொன்னது அத்தனையும் உண்மை. அவள் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போதுதான் பேசினாள்.

"நீங்க சொன்னது சரிதான். ஆனா வாங்கணும்னு நான் சொல்லவே இல்லையே. சும்மா பார்த்துக்கிட்டு இருந்தேன். பார்க்க நல்லா இருந்துச்சு. அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு சில நாள் அவள் போனை எடுக்கவில்லை.

எடுத்த நாளில், புடவை, நகை, மேடை அலங்காரம் எல்லாம் வைக்கும் கல்யாணக் கண்காட்சியைப் பற்றிச் சொன்னாள். மருந்துக்கடைக் கண்ணாடிக் கதவில் அதன் சுவரொட்டி இருந்தது. ஒவ்வொரு வருடமும் அதைத் தன் கையாலேயே ஒட்டி, தன் கையாலேயே கிழித்து எடுத்திருக்கிறாளாம். உள்ளே போய்ப் பார்க்கும் வயது தனக்குக் கடந்துவிட்டதாகவே நினைத்திருக்கிறாள்.

"இந்தத் தடவை போலாமா? எதுவும் வாங்க வேணாம். ஆனா ஒண்ணு. அன்னைக்கு நீங்க மாப்பிள்ளையா வரணும். தச்சரா வரக்கூடாது. அங்கயும் தட்டினீங்கன்னா..." சிரித்தபடிதான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரலில் சிரிப்பு இல்லை. "காலம் பூரா இப்படித்தானான்னு நான் யோசிக்க வேண்டியிருக்கும்."

டொக்டொக் சரியென்றுவிட்டார், ஆனால் ஒரு சிக்கல். அந்தக் கண்காட்சிக்கு ஸ்டால் அடிக்கப்போவதே அவர்கள் குழுதான்.

கைக்குக் கடிவாளம் போடலாம். தெரிந்த விஷயத்துக்கு எப்படிப் போடுவது? எந்தத் தூணுக்குள் எத்தனை ஆணி என்று தெரிந்தவன் அதன் முன்னால் வாயைப் பிளந்து நின்றால், அது இன்னொரு தெர்மகோல். தெரிந்ததைத் தெரியாததாக மாற்றிக்கொள்ள மனிதனுக்கு வழியில்லை. தெரிந்துகொள்ளாமல் இருக்க மட்டும், முன்கூட்டியே மெனக்கெட்டால், ஒரு வழி இருக்கிறது. இதை அவர் இந்தச் சொற்களில் யோசித்திருக்க மாட்டார். நேராக மேஸ்திரியிடம் போய் நின்றார்.

"என்னைப் பக்கத்து ஹாலுக்கு அனுப்பிடுங்க மேஸ்திரி."

"பக்கத்துல பம்புசெட் கண்காட்சிய்யா. பூ வளைவு, மேடை, எல்லாம் உன் கைக்குன்னு வெச்சிருக்கேன். அதை விட்டுட்டுப் பம்புக்குப் பலகை அடிக்கப் போறியா?"

"நான் கட்டிக்கப்போறவங்களோட பார்க்க வரேன் மேஸ்திரி. உள்ளே என்ன இருக்குன்னு எனக்குத் தெரிய வேணாம்."

மேஸ்திரி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து மறுபடி செருகினார். "கல்யாணம் பண்ணிக்கப் போறவன் எவனுக்குய்யா உள்ளே என்ன இருக்குன்னு தெரியும்? போ, போ."

இதைத் தியாகம் என்றால் மிகை. பூ வளைவை வேறொருவர் அடித்தார், கூலியும் குறையவில்லை. ஆனாலும் தன் கைக்கென்று ஒதுக்கியிருந்த வேலையை அவர் விட்டுக்கொடுத்ததை இதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. பம்பு ஹாலுக்கு நேர்வழி கல்யாண ஹாலைக் கடந்து போகிறது. அவர் கட்டடத்தையே சுற்றிக்கொண்டு போனார். கூட்டாளிகள் சும்மா விடுவார்களா? சாப்பாட்டு நேரத்தில் தங்க நிறம் பூசிய தூண் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "மாப்ளே, ஒரே ஒரு தட்டு! யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்" என்று மூக்கருகே நீட்டினார்கள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

வீட்டில் அக்கா பயிற்சி கொடுத்தாள். குக்கர் மூடியை முந்தானையால் துடைத்து, கடைக்காரியைப் போல நீட்டினாள்.

"சார், வாங்க சார், ராஜா காலத்துக் கிரீடம்!"

டொக்டொக் வாங்கினார். திருப்பினார்.

"திருப்பாதடா! பாரு. பார்த்துட்டு என்ன சொல்லணும்?"

"அடடா."

"சுத்தியலை விரல்ல போட்டுக்கிட்ட மாதிரி சொல்றியே. சந்தோஷமா சொல்லு."

"அடடா."

"இது பரவால்ல. இப்ப பல்லு வலி மாதிரி இருக்கு."

கண்காட்சி நாள் காலையில் இரண்டு முறை முகம் மழித்தார். இடுப்பில் தொங்கும் அளவு டேப்பைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தார். கொடுத்த பிறகு வெறும் இடுப்பைத் தடவிக்கொண்டே இருந்தார். பஸ் நிறுத்தத்தில் அவள் இளம்பச்சைப் புடவையில் காத்திருந்தாள். வழியெல்லாம் கைகளைச் சட்டைக்குள் ஒளிக்காத குறையாகக் கட்டிக்கொண்டு வந்தார்.

அரங்கத்துக்கு வந்ததும் அவர் கால்கள் தாமாகவே பின்பக்கம், சரக்கு இறக்கும் கதவை நோக்கித் திரும்பின.

"எங்க போறீங்க? வாசல் இங்க இருக்கு."

முன்வாசல் வழியாக அவர் உள்ளே போனது அன்றுதான் முதல்முறை.

நுழைந்த இடத்திலேயே நின்றுவிட்டார். பூ வளைவுக்கு அப்பால் கூரை முழுக்க விளக்குகள் மடிப்பு மடிப்பாகத் தொங்கின. அந்த வெளிச்சத்தில் துணிகள் அசைந்தன, தூண்கள் மின்னின, இளம் ஜோடிகளும் அவர்களைப் பெற்றவர்களும் தங்க முகங்களோடு நடமாடினார்கள்.

அவள் அவரைக் கவனித்தாள். "என்னங்க? உங்க ஆளுங்க அடிச்சதுதானே?"

"அவங்கதான். நான் அடிக்கல. பக்கத்து ஹாலுக்குப் போயிட்டேன்."

"ஏன்?"

"உங்ககூடச் சேர்ந்துதான் முதல்ல பார்க்கணும்னு." மறுபடி மேலே பார்த்தார். "ஆனா இது இப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதுங்க. லைட்டு போடுறதுக்கு முன்னாடி எங்களை வெளியே அனுப்பிடுவாங்க. முடிஞ்சப்புறம் பிரிக்க வருவோம், அப்ப எல்லாம் அணைஞ்சிருக்கும். இத்தனை வருஷம் அடிச்சிருக்கேன்... ஒரு தடவைகூட இதைப் பார்த்ததில்ல. நீங்க கூப்பிடலேன்னா பார்த்தே இருக்க மாட்டேன்."

பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். அவர் அண்ணாந்தபடியே நடக்கத் தொடங்கினார், வாய் சற்றுத் திறந்திருக்க. தரையெங்கும் மின்கம்பிகள் ஓடின. அவள் அவருடைய முதுகில் உள்ளங்கையை வைத்து, விளக்குகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு, கம்பி வந்த இடங்களில் எல்லாம் அவரை மெல்ல விலக்கி விலக்கி நடத்திக்கொண்டு போனாள்.