எந்த ஊசி என்று அவரே சொல்லட்டும்

செருப்புக் கடைக்காரி என்றால் அந்தத் தெரு முழுக்கத் தெரியும். கடை அவளுடையதல்ல, விற்பனைக்கு நிற்பவள்தான். ஆனால் பத்து ஜோடியைப் பரப்பிப் போட்டுக்கொண்டு திருதிருவென்று விழிப்பவர்களிடம், "கண்ணை மூடிக்கிட்டு இதை எடுத்துக்கோங்க" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவாள். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக், அதற்கு நேர்மாறு. தன் சட்டைக்கு நிறம்கூட அவள்தான் சொல்ல வேண்டும்.

கல்யாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளையில்லை. அவளுக்கு முட்டை குறைந்துகொண்டே வந்தது. சோதனைக் குழாய் சிகிச்சையை இந்தத் தடவையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஸ்கேனில் ஒரே ஒரு முட்டைப்பை வளர்ந்திருந்தது. ஊசி போட்டு அதை முதிர வைத்து, பிறகு முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்க வேண்டும்.

"வழக்கமான ஊசி மட்டும் போடலாம். இல்லன்னா அதோட இன்னொண்ணும் சேர்த்துப் போடலாம். முட்டை கம்மியா இருக்கறவங்களுக்குச் சேர்த்துப் போட்டா நல்லதுன்னு சில பேர் சொல்றாங்க. ஆனா அடிச்சுச் சொல்ல முடியாது. நீங்கதான் சொல்லணும்," என்றார் டாக்டர்.

வழக்கமானதே போதும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆனால் இத்தனை வருடமும் மாமியார் முதல் நாத்தனார் வரை பழியை அவள் தலையில்தான் போட்டார்கள். இதையும் தானே கெடுத்தால் தாங்க முடியாது என்று பயந்தாள். ஊருக்கெல்லாம் தேர்ந்து கொடுக்கிற சாமர்த்தியக்காரி, மெல்ல நழுவிவிட்டாள்.

"அவரே சொல்லட்டும் டாக்டர்."

மெக்கானிக்குக்கு வேர்த்துக் கொட்டியது. டாக்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டையும் போட்டுடுங்க," என்றார் கடைசியில்.

முட்டை எடுத்த அன்று, அவளுக்கு மயக்கம் தெளிந்ததும் டாக்டர் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். முட்டைப்பைக்குள் முட்டையே கிடைக்கவில்லை என்றார்.

"ஒரு ஊசி மட்டும் போட்டிருந்தா கிடைச்சிருக்குமா டாக்டர்?" என்று கேட்டார் மெக்கானிக்.

"அப்படியெல்லாம் சொல்லவே முடியாதுங்க. இதுல யார் மேலயும் தப்பில்ல."

அவர் தலையாட்டினார். காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கதவோரத்திலேயே நின்றுவிட்டார். "நான்தான் கெடுத்துட்டேன்," என்று சொல்லி உடைந்து அழுதார். அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை. முட்டை போன துக்கம் ஒரு பக்கம் இருக்க, இந்த மனுஷன் தலையில் இதைக் கட்டிவிட்டோமே என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, இல்லங்க! நானும் அதையேதான் நெனச்சேன். என்னைக் கேட்டிருந்தாலும் ரெண்டுன்னுதான் சொல்லியிருப்பேன்," என்று பொய் சொன்னாள்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். குரலில் கோபம் துளியும் இல்லை.

"அப்புறம் ஏன்மா என்னைச் சொல்லச் சொன்ன?"